இருபத்திரண்டு நாள் மூடுபனி

வானிலையாருக்குக் கால் உடைந்தது வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் அல்ல. அப்படி உடைந்திருந்தாலாவது உத்தியோகத்துக்கு ஒரு கௌரவம் மிஞ்சியிருக்கும். சொந்த வீட்டுக் குளியலறையில், சோப்பை மிதித்து உடைந்தது. "நாளைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு ஊருக்கே சொல்றவரு, காலுக்குக் கீழ சோப்பு கிடந்ததைப் பாக்கலை" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்ன எதிர்வீட்டுக்காரரிடம், "யானை சோப்பு போட்டுக் குளிக்காதுங்க" என்றாள்.

வானிலையார் என்பது தெரு வைத்த பெயர். ஆற்று முகத்துவாரத்தின் ஓரத்தில் சின்னக் குன்று ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு அறையும் மொட்டைமாடியும். அதுதான் வானிலை நிலையம். இருபத்தாறு வருடமாக தினமும் விடியற்காலையில் நாற்பத்தொரு படி ஏறி, வெப்பமானியைப் பார்த்து, மழைமானியைக் கவிழ்த்து, மாடியில் நின்று நாலு பக்கமும் கண்ணை ஓட்டி, ஆறு மணிக்கு மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்வது அவர் வேலை. அவர் சொல்வதையும் மற்ற நிலையங்கள் சொல்வதையும் கூட்டிப் பிசைந்து ஆறரை மணிக்கு ரேடியோவில் வாசிப்பார்கள். அவர் பெயரை எவரும் வாசிப்பதில்லை. ஆனாலும் 'கடலோரத்தில்' என்ற சொல் வரும்போதெல்லாம் வானிலையார் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

கால் உடைந்து கட்டுப்போட்டு அவர் ஜன்னலோரக் கட்டிலில் விழுந்ததும், உள்நாட்டு நிலையம் ஒன்றிலிருந்து பதிலாள் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடலையே பார்த்திராத மனுஷன். சட்டைப் பையில் மூன்று பேனா. வந்த மறுநாள் ஆரம்பித்தது வினை.

"மண்டலம் முழுவதும் வெப்பமான, வறண்ட வானிலை நிலவும். கடலோரத்தில் மூடுபனி காணப்படும்" என்றது ரேடியோ.

வானிலையார் ஜன்னலைப் பார்த்தார். கொடியில் காயப்போட்ட துண்டின் நிழல் சுவரில் கத்தரித்து ஒட்டியதுபோல விழுந்திருந்தது. தெருமுனை, அதைத் தாண்டிப் படகுத்துறை, அதைத் தாண்டி ஆறு, எல்லாம் பளிச்சென்று இருந்தன. மூடுபனியாம்! ஒருநாள் தவறு போகட்டும் என்று விட்டார். மறுநாளும் அதே வெயில், அதே வாசிப்பு. மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் அவர் ரேடியோவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

அவர் கத்தலுக்குக் காரணம் தொழில் பக்தி மட்டுமல்ல. மனைவிக்கு ஆற்றின் அக்கரையில் ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஏழு மணிப் படகில் ஏறினால் பன்னிரண்டு நிமிஷம். ஏழரைக்குக் கூடம் திறந்தாக வேண்டும், ஏனென்றால் முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை நோயாளியைப் பசியோடு காக்கவைப்பது வெந்த புண்ணில் வேல். ஆனால் காலை அறிக்கையில் மூடுபனி என்ற சொல் இருந்தால் படகு போகக்கூடாது என்பது படகுத்துறையின் விதி. படகு இல்லையென்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ். அது ஒன்றேகால் மணி நேரம். ஆக, அவள் தினமும் ஆறரை மணி வரை ரேடியோ முன்னால் பையோடு நின்றாள்; கேட்டாள்; ரேடியோவை ஒரு முறை முறைத்தாள்; பிறகு புருஷனையும் ஒரு முறை முறைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

"என்னை ஏம்மா முறைக்கிற? நானா சொன்னேன்?"

"உங்க ஆபீஸ்தானே சொல்லுது?"

"என் ஆபீஸ்ல இப்ப நானா இருக்கேன்?"

"இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்" என்று வாசலில் செருப்பை மாட்டியபடியே சொல்லிவிட்டுப் போவாள்.

படகோட்டி வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. அதனால் சொந்தக்காரன் என்ற உரிமையில் வானிலையார் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "மச்சான், உனக்குக் கண்ணு இருக்கா இல்லியா? ஆறு கண்ணாடி மாதிரி இருக்கு. எடுடா படகை."

"கண்ணு இருக்கு மாமா. லைசென்சும் இருக்கு. அறிக்கையில மூடுபனின்னு இருக்கிற அன்னைக்குப் படகை எடுத்தா, அப்புறம் கண்ணு மட்டும்தான் இருக்கும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் வானிலையாருக்கு எரிச்சல். எல்லார் பக்கமும் நியாயம் இருந்தது. மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டால், அங்கிருந்த அறிவிப்பாளர் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். உள்ளே வெப்பம், வறட்சி, கடலோ குளிர்ச்சி, சூடான காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் பனி கட்டத்தானே செய்யும் ஐயா, கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்தார். வெளியே தலையை நீட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்றால், அவர் தலை இருப்பது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி.

கடைசியில் பதிலாளையே போனில் பிடித்தார்.

"சார், இன்னைக்குப் பார்வை தூரம் எவ்வளவு குடுத்தீங்க?"

"அறுநூறு மீட்டர் சார்."

"அறுநூறா! ஜன்னல்லேருந்து எனக்கே அக்கரை தெரியுது. மாடியில நின்னு கண்ணால பாத்தீங்களா?"

"பட்டியல்படி பார்த்தேன் சார்" என்றார் பதிலாள், கொஞ்சமும் கோபப்படாமல். "கண்ணை நம்பாதே, பட்டியலை நம்புன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கே. உங்க கையெழுத்துன்னு சொன்னாங்க. ரொம்ப நல்ல வாசகம் சார்."

தான் எழுதியதையே தனக்குத் திருப்பி ஓதுகிற ஆளிடம் என்ன பேசுவது? வானிலையார் போனை வைத்துவிட்டார். அந்த ஆள் மாடிக்கே ஏறாமல் தூக்கக் கலக்கத்தில் படுக்கையிலிருந்தே அறுநூறு அறுநூறு என்று அளந்துவிடுகிறான் என்று தீர்மானம் செய்துகொண்டார். அந்தத் தீர்மானம் அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் ஜன்னல் வழியே நிறுத்தி, பதிலாள் ஒரு குருடன், ஒரு சோம்பேறி, கடலுக்கும் குளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று சொன்னார்.

மூன்றாவது வாரம் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று படகுத்துறைச் சுவரில் ஒட்டப்பட்டது: மூடுபனி தொடர்வதால் ஒன்றாம் தேதி முதல் காலைப் படகு நிறுத்தப்படும். இன்னொன்றை மனைவி கைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். ஒன்றாம் தேதி முதல் ஏழரைக்கு வர இயலாவிட்டால் கூடத்தில் வேறு ஆள் அமர்த்தப்படும், அவள் பதிவேட்டு அறைக்கு மாற்றப்படுவாள் என்று இருந்தது.

"பத்தொம்பது வருஷம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அவளுக்கு அந்த வேலை எப்படி என்று அவருக்குத் தெரியும். நரம்பே கிடைக்காத கையில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நரம்பைக் கண்டுபிடிப்பாள். குழந்தைகள் அழுவதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். அந்தக் கையைக் கொண்டுபோய்ப் பழைய கோப்புகளை அடுக்க வைக்கப்போகிறார்கள், எல்லாம் இல்லாத ஒரு பனிக்காக. வானிலையார் பேனாவை எடுத்தார். அன்றே உட்கார்ந்து மண்டல அதிகாரிக்கு நாலு பக்கம் புகார் எழுதினார். 'பணி நேரத்தில் உறக்கம்' என்ற வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

மாதக் கடைசி நாள் அதிகாரி நேரிலேயே வந்தார். அன்று இருபத்திரண்டாவது மூடுபனி அறிக்கை; வழக்கம்போல வெயில் மண்டையைப் பிளந்தது. வானிலையார் ஊன்றுகோலோடு நாற்பத்தொரு படியும் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் பதிலாளை ஒரு வார்த்தை திட்டிக்கொண்டே ஏறியதால் களைப்புத் தெரியவில்லை.

மாடியில் பதிலாள் அட்டையில் செருகிய பட்டியலோடு தயாராக நின்றார். பார்வை தூரம் அளக்கும் முறை சுலபம். தெரிந்த தூரத்தில் உள்ள கட்டடங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அருகில் உள்ளதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எது முதலில் தெரியவில்லையோ அங்கே நிறுத்தி, அதற்கு முந்தியதன் தூரத்தைச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டருக்குக் குறைந்தால் அது மூடுபனி.

"பாருங்க" என்றார் அதிகாரி.

"ஒண்ணு, தண்ணீர்த் தொட்டி, இருநூத்தைம்பது. தெரியுது. ரெண்டு, பள்ளிக்கூடக் கொடிக்கம்பம், அறுநூறு. தெரியுது." பதிலாள் தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, மனப்பூர்வமாகத் தேடினார். "மூணு, ஆலைப் புகைபோக்கி, ஆயிரம் மீட்டர். தெரியலை சார்."

வானிலையார் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

ஆலைப் புகைபோக்கியை இடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. அவரும் இதே மாடியில் நின்றுதான் பார்த்தார். தூசி அடங்கியதும் கீழே இறங்கி டீ குடித்தார். மறுநாளிலிருந்து அவர் கண், மூன்றாம் எண் வந்ததும் தானாகவே பக்கத்து ஐஸ் தொழிற்சாலைக் கூரைக்குத் தாவிக்கொண்டது. பட்டியலைக் கையில் எடுத்து வாசித்தால்தானே உறைக்கும்? அவர் எங்கே வாசித்தார்! பட்டியலை நம்பு என்று ஊருக்கு எழுதி ஒட்டிவிட்டு, இரண்டு வருடமாகத் தன் கண்ணை நம்பிக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பின்னாடி நாலு கிலோமீட்டர்ல கலங்கரை விளக்கமே தெரியுதேய்யா" என்றார் அதிகாரி.

"தெரியுது சார். ஆனா கடல் பனி பட்டை பட்டையாப் படுத்திருக்கும், தூரத்துல உள்ளது தெரியுதுன்னு நடுவுல பனி இல்லைன்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு குறிப்பேட்டுல இருக்கு. இவரு எழுதினதுதான்." பதிலாள் கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார். "எங்க ஊர்ல மூடுபனியே கிடையாது சார். இதுதான் மூடுபனி போலன்னு நினைச்சேன். இவ்வளவு தெளிவா இருக்கேன்னு எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

அதிகாரி பட்டியலை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வருடாவருடம் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிப் போட்ட கையெழுத்துகள். கடைசி இரண்டையும் விரலால் தொட்டு, "இது யாரு?" என்றார்.

"நான்தான்" என்றார் வானிலையார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அன்றைக்கு அவருக்கு முழு முதுகும் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்ற தவிப்பு பெரிதாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு நாள் சொல்லப்பட்ட மூடுபனி கிடையவே கிடையாது, பிழை முழுவதும் என்னுடையது, பதிலாள் மேல் குற்றமில்லை. நகல் ஒன்று படகுத்துறைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் படகு நிறுத்தும் அறிவிப்பைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் அவர் கடிதத்தை ஒட்டிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டே போனார்கள். மனைவி சிரிக்கவில்லை. "நாளைக்குப் படகு உண்டுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஒன்றாம் தேதி. "வெப்பமான, வறண்ட வானிலை நிலவும்" என்று சொல்லி ரேடியோ நிறுத்திக்கொண்டது. வானமும் அதை ஒத்துக்கொண்டது. மனைவி சிவப்புக் கைப்பையை மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு யாரையும் முறைக்காமல் கிளம்பினாள்.

ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. பதிலாள்.

"சார், தண்ணீர்த் தொட்டியைக் காணோம்."

"என்னது?"

"நிஜமாவே காணோம் சார். கடல் பக்கத்துலேருந்து வெள்ளையா ஏதோ வந்து முழுங்கிடுச்சு. இது அது மாதிரி இல்லை சார், இது வேற மாதிரி இருக்கு. மண்டல ஆபீசுக்குச் சொல்லிட்டேன். அடுத்த அறிக்கை ஒம்பது மணிக்குத்தானாம்."

வானிலையார் ஜன்னலைப் பார்த்தார். தெருமுனை வரை தெரிந்தது. தெருமுனைக்கு அப்பால் ஒன்றும் இல்லை. மச்சானுக்குப் போன் போட்டார். இன்ஜின் சத்தத்தில் அவன் எங்கே எடுக்கப்போகிறான்? ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முந்நூறு அடி தூரம்தான். ஆனால் மூன்று காலில் நடந்தவனுக்குத்தான் அதன் நீளம் தெரியும். ஒவ்வொரு ஊன்றலுக்கும் கட்டுக்குள் எலும்பு பளீரென்று வலித்தது. இந்தப் பாழாய்ப்போன பனி நேற்று வந்திருக்கக் கூடாதா, முந்தாநாள் வந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினார்.

துறையில் படகு நிரம்பி, கயிறு ஒன்று மட்டும் அவிழ்க்க பாக்கி இருந்தது. படகின் பின்பக்கம் தெரிந்தது. முன்பக்கம் வெள்ளைக்குள் கரைந்திருந்தது.

"மச்சான், எடுக்காதே! மூடுபனி!"

படகே சிரித்தது. "வந்துட்டாருய்யா, இல்லாத பனிக்காரரு" என்றது ஒரு குரல். "கடிதாசி சுவத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க" என்றது இன்னொன்று. "நடு ஆத்துக்குப் போனா விலகிடும், எடுப்பா" என்றார் ஒரு பெரியவர். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள். இங்கே இறங்கச் சொன்னதே நொண்டி.

"மாமா, அறிக்கையில பனி இல்லை" என்றான் மச்சான் சங்கடத்தோடு. "லேசாத்தான் இருக்கு. இன்னைக்கும் எடுக்கலைன்னா இவங்க என்னை ஆத்துல தள்ளிடுவாங்க. அக்காவுக்கு வேற இன்னைக்கு..."

"தெரியும்டா."

வானிலையார் படகின் ஓரமாகவே ஊன்றி ஊன்றி முன்பக்கத்துக்குப் போனார். சிவப்புப் பை முதலில் தெரிந்தது. பிறகுதான் அவள்.

"இறங்கு" என்றார்.

"இன்னைக்கு ஏழரைக்குப் போகலைன்னா அந்த இடம் எனக்கு இல்லை. தெரியுமில்ல?"

"தெரியும். இறங்கு."

"நேத்து பனி இல்லைன்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதான். இன்னைக்கு இருக்குன்னு சொல்றதும் நீங்கதான். இதுல நான் எதை நம்ப?"

பட்டியல், குறிப்பேடு, கையெழுத்து எதுவும் உதவாது. "பத்தடியில நிக்கிறேன், உன் முகம் எனக்குத் தெரியலை. பையை வச்சுத்தான் நீன்னு கண்டுபிடிச்சேன். எனக்குப் பயமா இருக்கு. இறங்கிடு" என்றார். கூட்டம் பார்க்கிறதே என்று வெட்கப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் படியில் இறங்கினாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"அக்காவே இறங்கிட்டா" என்று சொல்லி மச்சான் இன்ஜினை அணைத்தான். படகில் இருந்தவர்கள் போட்ட கூச்சலில் வானிலையாரின் பரம்பரையே வந்து போனது.

ஏழு இருபதுக்குப் பனி விலகியது. சும்மா, திரையை இழுத்ததுபோல விலகிவிட்டது. ஆறு, கழுவி வைத்த தட்டுபோலப் பளபளத்தது. நடுவில் எதுவும் மோதவில்லை, எதுவும் கவிழவில்லை. ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எவனாலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒருவேளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தே இருக்கலாம். வானிலையார் துறைக் கல்லில் உட்கார்ந்து, அந்த வெயிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஒரு மரக்கட்டையாவது மிதந்து வந்திருக்கக் கூடாதா, காட்டுவதற்கு!

சாயங்காலம் அவள் வந்து பையை ஆணியில் மாட்டினாள்.

"எட்டரைக்குப் போனேன். என் நாற்காலியில ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. மூணு தடவை குத்தியும் ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்கலை. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு, பதிவேட்டு ரூமுக்குப் போயிட்டேன்."

"ஏழு இருபதுக்கு விலகிடுச்சு" என்றார் அவர். இதையும் மறைக்க அவருக்கு மனசில்லை.

"தெரியும். பஸ்லேருந்து பாத்தேன்."

அவள் முகம் கழுவிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். காலையில் நடந்ததில் பாதம் வீங்கியிருந்தது. நரம்பைத் தேடுகிறவளின் விரல்கள் வீக்கத்தின் விளிம்பை அளந்துகொண்டே போயின.

"எப்ப திரும்ப வேலைக்குப் போறீங்க?"

"கட்டுப் பிரிச்சதும். பத்து நாள்."

"எனக்கு இனிமே ஒம்பது மணிக்குப் போனாப் போதும்" என்றாள். "காலையில நானும் உங்ககூட மேல வரேன். நீங்க பாருங்க. பட்டியலை நான் வாசிக்கிறேன்."